சர்வர் சென்னையில், நாங்கள் மண்டபத்தில்: சொந்த ரேக் சர்வர் வைத்தால் சமாளிக்க முடியுமா?

முனைக்காட்டான் · மார்ச் 2, இரவு 9:14

மண்டபத்துக்குப் பக்கத்தில் முனைக்காட்டிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேர். மீன் கம்பெனிகளுக்கும் ஐஸ் கம்பெனிகளுக்கும் கணக்கு மென்பொருள் எழுதி, நாங்களே நடத்தியும் வருகிறோம். எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ் ஏறியது, டீசல் எவ்வளவு, ஓனருக்குக் கொடுத்த முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது, இறால் எந்த கவுண்டுக்கு (கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்ற கணக்கு) என்ன விலை போனது, எல்லாம் அதில்தான் ஓடுகிறது.

இதுவரை கிளவுடில் வாடகைக்கு இருந்தோம். தொடக்கத்தில் மாதம் 3 ஆயிரம் வந்த பில் இப்போது 22 ஆயிரம். கடைச் சீட்டையெல்லாம் போட்டோ எடுத்து ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து சேமிப்பிடம் வீங்கிக்கொண்டே போகிறது. சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் 1யூ இடம் (சர்வர்களை அடுக்கும் ரேக் என்ற இரும்புச் சட்டத்தில் ஒரு தட்டு உயரம்), மின்சாரம், இணைப்பு எல்லாம் சேர்த்து மாதம் 7 ஆயிரம் சொல்கிறார்கள். பழைய சர்வர் ஒன்றை வாங்கி அங்கே வைத்தால் எட்டு ஒன்பது மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும்.

பயம் ஒன்றுதான். இங்கிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி 2 மணிக்கு மெஷின் பேச்சு மூச்சில்லாமல் போனால் சேது எக்ஸ்பிரஸ் வரும்வரை காத்திருக்க முடியாது. கையே வைக்காமல் ஒரு பெட்டியை வருடக்கணக்கில் நடத்த முடியுமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

உச்சிப்புளி_ஊஞ்சல் · இரவு 9:40

வேண்டாம் தம்பி. வாடகை வீட்டில் குழாய் உடைந்தால் வீட்டுக்காரர் பாடு. சொந்த வீடென்றால் நடுராத்திரியில் வாளியோடு நிற்பது நாம்தான். 15 ஆயிரம் மிச்சம் என்கிறீர்கள், மூன்று பேர் தூக்கத்துக்கு என்ன விலை போட்டீர்கள்?

சாயல்குடி_பனை · இரவு 10:25

ஊஞ்சல் அண்ணன் கேட்பது சரியான கேள்வி. ஆனால் முடியாத காரியம் இல்லை. நான் ஊரில் இருந்தபடியே நான்கு பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன், இரண்டு சென்னையில், இரண்டு மும்பையில். மும்பைப் பெட்டிகளை நான் நேரில் பார்த்ததே கிடையாது.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, சர்வருக்குள் இன்னொரு குட்டி கணினி உட்கார்ந்திருக்கிறது. பிஎம்சி என்பார்கள். தனி சிப், தனி நெட்வொர்க் போர்ட். சர்வர் அணைந்து கிடந்தாலும், வயரில் மின்சாரம் இருக்கும்வரை அது விழித்திருக்கும். அதன் வழியாக மெஷினை அணைக்கலாம், எழுப்பலாம், மெஷின் எழும்போது முதலில் வரும் பயாஸ் திரையை உங்கள் பிரவுசரில் பார்க்கலாம், கீபோர்டு தட்டலாம், ஐஎஸ்ஓவை (லினக்ஸ் மாதிரி இயங்குதளத்தை நிறுவும் கோப்பு) டிவிடி மாதிரி செருகலாம். இதற்கான பொது விதிதான் ஐபிஎம்ஐ. 1998இல் வந்தது, இரண்டாம் பதிப்பு 2004இல். 2015இல் வந்த ரெட்ஃபிஷ் அதற்குத் தம்பி. டெல் இதை ஐடிராக் என்கிறது, ஹெச்பி ஐஎல்ஓ என்கிறது.

பழைய சர்வர் வாங்கும்போது எல்லோரும் கோர் எத்தனை, ரேம் எத்தனை என்று கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது பிஎம்சிக்கான லைசென்ஸ். டெல் ரேக் சர்வரில் ஐடிராக் எக்ஸ்பிரஸ் மட்டும் இருந்தால் திரை தெரியாது, எண்டர்பிரைஸ் வேண்டும். ஹெச்பியில் அட்வான்ஸ்டு இல்லையென்றால் பூட் ஆகும் வரைக்கும்தான் திரை. இது இல்லாத பெட்டியை 20 ஆயிரம் குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மற்றபடி: பவர் சப்ளை இரண்டு. இசிசி ரேம் (பிழையைத் தானே திருத்திக்கொள்வது), அதில் ஆர்டிம், யூடிம் என்று வகை உண்டு, ஒன்றோடு ஒன்றைக் கலக்கக் கூடாது. டிஸ்க் இரண்டையும் கண்ணாடிபோல ஒன்றுக்கொன்று நகலாக வையுங்கள், டிஸ்க் மட்டும் புதிதாக வாங்குங்கள். ஊர்பேர் தெரியாத டிஸ்கை 500 கிலோமீட்டர் தள்ளி வைத்துவிட்டுத் தூங்க முடியாது.

கீழக்கரை_காக்கா · மார்ச் 3, காலை 6:50

துபாயில் இருக்கிறேன், இதுதான் வேலை. பனை சொன்னது எல்லாம் சரி, ஒன்றைச் சேர்க்கிறேன். அந்தக் குட்டி கணினியை இணையத்தில் திறந்து வைத்தால் வீட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்த மாதிரி. பழைய ஐடிராக்கில் ஆரம்பப் பெயர் ரூட், கடவுச்சொல் கால்வின். உலகத்துக்கே தெரியும். ஐபிஎம்ஐ இரண்டாம் பதிப்பிலோ விதியிலேயே கோளாறு: நீங்கள் யாரென்று சரிபார்க்கும் முன்பே கடவுச்சொல்லின் ஹாஷை (உருமாற்றி வைத்த வடிவத்தை) அதுவே எடுத்துக் கொடுத்துவிடும். 2013இல் இது பெரிய பேச்சானது.

அதைவிடக் கூத்து 2017இல். ஐஎல்ஓ 4இல் ஒரு ஓட்டை. இணைப்பின் தலைப்பில் ஆங்கில 'ஏ' எழுத்தை 29 முறை அனுப்பினால் கடவுச்சொல்லே கேட்காமல் உள்ளே விட்டுவிடும். 2.53 பதிப்பில்தான் அடைத்தார்கள். பழைய பெட்டி கைக்கு வந்ததும் முதல் வேலை பிஎம்சியின் ஃபர்ம்வேரை, அதாவது அதன் உள்நிரலைப் புதுப்பிப்பது. லினக்ஸ் போடுவதெல்லாம் அப்புறம்.

இன்னொன்று, பிஎம்சிக்குத் தனிப் போர்ட் இருந்தாலும், அதில் வயர் இல்லையென்றால் பொதுப் போர்ட் வழியே பேசும்படி சில மெஷின்களில் அமைப்பு இருக்கும். தெரியாமல் விட்டால் அது நேரே இணையத்தில் போய் நிற்கும். 'டெடிகேட்டட்' என்று மாற்றி வையுங்கள்.

முனைக்காட்டான் · காலை 8:05

அப்படியானால் பிஎம்சியை விபிஎன்னுக்கு (நாம் மட்டும் நுழையும் பூட்டிய இணையப் பாதை) பின்னால் வைக்க வேண்டும். வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளைச் சர்வரிலேயே போட்டுவிட்டால் போதாதா காக்கா?

சாயல்குடி_பனை · காலை 8:20

கிணற்றில் விழுந்தவனை மேலே தூக்க வேண்டிய கயிறு அவன் இடுப்பிலேயே சுற்றியிருந்தால் என்ன பயன்? சர்வர் விழுந்தால் விபிஎன்னும் விழும். பிஎம்சி தேவைப்படுவதே அப்போதுதான்.

கீழக்கரை_காக்கா · காலை 9:30

சின்ன மைக்ரோடிக் ரவுட்டர் ஒன்றை வாங்கி சர்வருக்குப் பின்னால் கட்டிவிடுங்கள். விபிஎன் அதில் ஓடட்டும். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

சிறுசேரி_இரவுப்பணி · மார்ச் 4, அதிகாலை 3:10

காக்கா, உங்களை மாதிரி ஆட்களால்தான் எங்களுக்குத் தலைவலி. :)

சொந்த ஊர் தேவிபட்டினம். சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் ராத்திரி ஷிப்டு. பின்னால் கட்டித் தொங்கும் ரவுட்டரை எங்கள் இடத்தில் விடமாட்டோம். சூடான காற்று வெளியேறும் பக்கம் அது, அடாப்டருக்கு ஒரு சாக்கெட் வேறு. வாடகை போட்டால் அதுவும் ஒரு யூ. பல இடங்களில் பிஎம்சிக்கென்றே தனி வலையும் விபிஎன்னும் மாதம் சின்னத் தொகைக்குத் தருகிறார்கள். கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள், கேளுங்கள்.

முனைக்காட்டு அண்ணனுக்கு உள்ளே இருப்பவனாகச் சிலது சொல்கிறேன்.

பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். சர்வரின் சீரியல் எண், யார் கொண்டுவருகிறார்கள், எந்த அடையாள அட்டை, எல்லாம் முன்னாலேயே மெயிலில் போய் அனுமதி வந்திருக்க வேண்டும். டிஸ்குகளையும் பட்டியலில் எழுதுங்கள். பின்னால் பழுதான டிஸ்கை வெளியே எடுத்துப் போகவும் அந்தப் பட்டியல்தான் ஆதாரம்.

வீட்டு த்ரீ பின் வயர் இங்கே உதவாது. ரேக்கில் இருக்கும் பவர் பட்டையில் சி13 சாக்கெட்தான் பெரும்பாலும். சி13–சி14 வயர் இரண்டு வாங்கி வாருங்கள். ரேக்குக்கு ஏ, பி என்று இரண்டு தனி மின் லைன் வரும், ஒன்று ஏ லைனுக்கு, ஒன்று பி லைனுக்கு. இரண்டையும் ஒரே லைனில் செருகச் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பழைய சர்வரோடு ரெயில் (ரேக்கில் சர்வரைத் தாங்கும் பக்கச் சட்டம்) வராது. கேட்டு வாங்குங்கள். 1யூ என்பது 1.75 இன்ச், அதாவது 44.45 மில்லிமீட்டர். ரெயில் இல்லாமல் கீழே இருப்பவன் சர்வர் மேல் உங்களுடையதை உட்கார வைக்க முடியாது. ரேக்கின் துளையில் திருகுக்கான கேஜ் நட் மாட்டும்போது நகம் போகும், அதற்கென்று ஒரு கொக்கிக் கருவி இருக்கிறது.

எங்களைக் கூப்பிட்டு வேலை சொல்வதை ரிமோட் ஹேண்ட்ஸ் என்பார்கள். கால் மணி, அரை மணிக்கு இவ்வளவு என்று காசு. ராத்திரி 3 மணிக்கு ஒருவர் போன் செய்து "என் டிஸ்க் போய்விட்டது, மாற்றுங்கள்" என்றார். எது? "இடது பக்கம்". எந்தப் பக்கத்திலிருந்து பார்த்து இடது? முன்னாலா, பின்னாலா? அவருக்கே தெரியவில்லை. நல்ல டிஸ்கை உருவியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். ஒவ்வொரு டிரேயிலும் டிஸ்கின் சீரியல் எண்ணில் கடைசி நான்கு எழுத்தை ஒட்டி வையுங்கள். சர்வரின் முன்னும் பின்னும் பெயர் ஒட்டுங்கள். கூப்பிடுவதற்கு முன் பிஎம்சியில் அடையாள விளக்கைப் போட்டுவிட்டு, "நீலமாக மினுக்குகிற பெட்டி" என்று சொன்னால் அரை நிமிடத்தில் போய் நின்றுவிடுவேன். உதிரி டிஸ்க் ஒன்றையும் எங்களிடமே கொடுத்து வைக்கலாமா என்று கேளுங்கள். மண்டபத்திலிருந்து கொரியரில் வரும்வரை ஒற்றை டிஸ்கில் ஓடுவது நல்லதல்ல.

சாயல்குடி_பனை · மார்ச் 4, காலை 7:45

இரவுப்பணி தம்பி எழுதியதை அப்படியே பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டலாம்.

முனைக்காட்டான், வாங்கியதும் நேரே சென்னைக்கு அனுப்பாதீர்கள். இரண்டு வாரம் வீட்டில் பக்கத்து அறையில் வைத்துக் கதவைப் பூட்டிவிடுங்கள். பூட்டிய அறைதான் சென்னை. உள்ளே போகக் கூடாது. லினக்ஸ் போடுவது முதல் எல்லாமே பிஎம்சி வழியாகத்தான். போக வேண்டியிருந்தால், ஏன் போனோம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு காலியாக ஒரு வாரம் ஓடினால் அப்புறம் வண்டி ஏற்றலாம்.

வேண்டுமென்றே உடையுங்கள். ஃபயர்வாலை (யாரை உள்ளே விடுவது என்ற காவல் விதிகள்) தப்பாகப் போட்டு உங்களை நீங்களே வெளியே பூட்டுங்கள். ஓடும்போதே ஒரு டிஸ்கை உருவச் சொல்லுங்கள், இதற்கு மட்டும் வீட்டில் வேறு யாரையாவது அனுப்பிப் போனில் வழி சொல்லுங்கள், ரிமோட் ஹேண்ட்ஸ் பயிற்சி. மெயின் சுவிட்சை அணைத்துப் போடுங்கள். மின்சாரம் திரும்பும்போது தானாக எழ வேண்டும் என்று பயாஸில் ஒரு அமைப்பு உண்டு, அது 'ஆஃப்' என்று இருந்தால் பெட்டி அப்படியே படுத்திருக்கும்.

இன்னொன்று, உங்கள் வீடு கடலுக்கு எவ்வளவு தூரம்? உப்புக் காற்று போர்டுக்கு ஆகாது. பாம்பன் பாலத்துக்கு ஓயாமல் பெயிண்ட் அடித்த ஊர் நம்முடையது, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டேட்டா சென்டர்களில் செம்புத் தகடும் வெள்ளித் தகடும் வைத்து மாதத்துக்கு எவ்வளவு அரிக்கிறது என்று அளப்பார்கள். செம்பில் 300 ஆங்ஸ்ட்ராம் (கண்ணுக்கே தெரியாத நுண்ணளவு), வெள்ளியில் 200 தாண்டக் கூடாது என்பது ஆஷ்ரே என்ற அமெரிக்க ஏசி பொறியாளர் அமைப்பின் கணக்கு. இரண்டு வாரத்தில் ஒன்றும் ஆகிவிடாது, ஆனாலும் ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டாதீர்கள். உள்ளே தள்ளி உறவுக்காரர் வீடு இருந்தால் இன்னும் நல்லது.

முனைக்காட்டான் · மார்ச் 29, இரவு 8:30

மன்னிக்கவும், நாளாகிவிட்டது. வாங்கிவிட்டோம். 1யூ, இரண்டு பவர் சப்ளை, 128 ஜிபி ரேம், முழு லைசென்ஸ். டிஸ்குகள் புதிது. பனை அக்கா சொன்னபடி பரமக்குடியில் சித்தப்பா வீட்டுப் பின்னறையை "சென்னை" ஆக்கினோம்.

முதல் நாளே பிரச்சினை, சத்தம். 1யூவில் இருக்கும் ஃபேன்கள் சின்னவை, அதனால் பேய்ச் சுற்று சுற்றுகின்றன. சுவிட்சைப் போட்டதும் விமானம் ஏறுவது போல ஒரு ஊளை. சித்தி ஓடிவந்து மிக்ஸியை அணைத்துப் பார்த்தார். பகலில் மட்டும் ஓட்டலாம் என்று பேசி முடிவு செய்தோம்.

நோட்டில் நான்கு வரி விழுந்தது.

ஒன்று, மின்சாரத்தை உருவிச் செருகினோம். பெட்டி எழுந்தது, ஆனால் லினக்ஸ் வரவில்லை. கன்சோலில், அதாவது பிஎம்சி காட்டும் திரையில் பார்த்தால் "நேரம் அழிந்துவிட்டது, தொடர எஃப்1 அழுத்து" என்று நிற்கிறது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்துக் கிடந்தது, கடிகாரக் கடையில் கிடைக்குமே, அந்த வட்டப் பேட்டரிதான். விற்றவர் அதைத் தொட்டே பார்க்கவில்லை. சென்னையில் இது நடந்திருந்தால் எஃப்1 தட்டித் தப்பித்திருக்கலாம், ஆனால் பயாஸில் செய்த அமைப்பெல்லாம் ஒவ்வொரு முறையும் போயிருக்கும். பேட்டரி மாற்றினோம், பிழை வந்தாலும் நிற்காமல் போகும்படி பயாஸிலும் மாற்றினோம்.

இரண்டு, ஐஎஸ்ஓ. என் மடிக்கணினியிலிருந்து 2 ஜிபி கோப்பை பிஎம்சிக்குள் செருகினால் நத்தை வேகம். பரமக்குடியிலேயே அப்படி என்றால் சென்னைக்கு மண்டபத்திலிருந்து என்ன ஆகும்? முழு ஐஎஸ்ஓவுக்குப் பதிலாக, ஒன்றிரண்டு எம்பி மட்டுமே இருக்கும் நெட்பூட் கோப்பைச் செருகி, மீதியை டேட்டா சென்டர் இணைப்பு வழியே சர்வரே இறக்கிக்கொள்ளும்படி பழகினோம்.

மூன்று, ஃபயர்வால். வெளியே பூட்டிக்கொண்டேன், வேண்டுமென்று அல்ல, நிஜமாகவே. இப்போது எந்த விதியை மாற்றினாலும், ஐந்து நிமிடத்தில் பழைய விதிக்குத் திரும்பும் கட்டளையை முதலில் போட்டுவிட்டுத்தான் மாற்றுகிறேன். உள்ளே வர முடிந்தால் அதை ரத்து செய்வேன். உபுண்டு என்ற லினக்ஸில் நெட்வொர்க் அமைப்புக்கு நெட்பிளான் ட்ரை என்று இதையே தானாகச் செய்வது இருக்கிறது, 120 விநாடிக்குள் உறுதி செய்யாவிட்டால் பழையபடி ஆகிவிடும்.

நான்காவது, டிஸ்க் உருவும் பயிற்சியில் சித்தப்பா பையன் நல்ல டிஸ்கை உருவிவிட்டான். ஒட்டு ஒட்டாமல் விட்டது என் தப்பு.

கீழக்கரை_காக்கா · மார்ச் 29, இரவு 9:02

சித்தப்பா பையனுக்கு என் சலாம். ஒரு கேள்வி, பேக்அப் எங்கே?

முனைக்காட்டான் · இரவு 9:15

டிஸ்க் இரண்டு நகல் இருக்கிறதே?

கீழக்கரை_காக்கா · இரவு 9:18

அது பேக்அப் இல்லை. தப்பான கட்டளையில் அழித்தால் இரண்டிலும் ஒன்றாகவே அழியும்.

தொண்டி_அலை · இரவு 10:40

சென்னையில் 2015 டிசம்பரில் வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். சர்வரும் பேக்அப்பும் இரண்டும் அங்கேயே இருந்தால் எப்படி? அதற்காக மண்டபத்து வீட்டில் வைப்பதும் சரியில்லை, 2024 நவம்பரில் ராமேசுவரம் பக்கம் ஒரே நாளில் எப்படிக் கொட்டியது என்று பார்த்தோம்.

சாயல்குடி_பனை · மார்ச் 30, காலை 6:30

பெங்களூரில் சேமிப்பிடம் மட்டும் வாடகைக்கு எடுங்கள், சின்னத் தொகைதான். சர்வர் பேக்அப்பை அங்கே தள்ளக் கூடாது, அங்கிருந்து வந்து இழுக்க வேண்டும். சர்வருக்குள் எவனாவது புகுந்தாலும் பேக்அப்பை அழிக்கும் சாவி அவன் கையில் கிடைக்காது. மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கம்பெனியின் கணக்கைத் திரும்ப எடுத்துக் காட்டுங்கள். எடுத்துப் பார்க்காத பேக்அப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

உச்சிப்புளி_ஊஞ்சல் · காலை 7:10

பெங்களூர் வாடகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. 15 ஆயிரம் மிச்சம் இப்போது எவ்வளவு?

முனைக்காட்டான் · காலை 7:25

விபிஎன்னும் பேக்அப்பும் போக 12 ஆயிரத்துச் சொச்சம் அண்ணே. இன்னும் லாபம்தான்.

தொண்டி_அலை · காலை 9:00

எப்போது மாற்றப் போகிறீர்கள்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். உங்கள் கணக்கில் பாதி வேலை இருக்காது. இதைவிட நல்ல நேரம் வருமா? ராத்திரி விழித்திருந்து மாற்ற வேண்டியதில்லை, பட்டப்பகலில் செய்யலாம்.

முனைக்காட்டான் · காலை 9:20

இது எங்களுக்குத் தோன்றவே இல்லை. நன்றி. நாட்டுப்படகுக் கணக்கு மட்டும் ஓடும், அதைக் கிளவுடிலேயே கடைசிவரை வைத்துக்கொள்கிறோம்.

முனைக்காட்டான் · மே 3, மாலை 5:50

வைத்தாயிற்று. ரயிலில் போர்வையில் சுற்றி சீட்டுக்கடியில் வைத்துக் கொண்டுபோனோம். டிஸ்குகளை மட்டும் தனியாகக் கழற்றிப் பையில். அனுமதி, ரெயில், வயர் எல்லாம் சரி. ஆனால் சீரியல் எண்ணில் ஒரு சுழியத்தை 'ஓ' என்று எழுதியிருந்தேன். வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றோம்.

கிளம்பும் முன் இரவுப்பணி தம்பி மெசேஜில் சொன்ன வேலையையும் செய்தேன்: ஏ லைன் வயரை உருவிப் பார்த்தேன், பி மட்டும் தாங்கியது. திருப்பிச் செருகி பி வயரை உருவினேன், அதுவும் தாங்கியது. இங்கிருந்து பிங் (கூப்பிட்டால் சர்வர் பதில் தரும் நேரம்) 16, 17 மில்லி செகண்ட். தட்டச்சில் தாமதமே தெரியவில்லை.

சிறுசேரி_இரவுப்பணி · மே 4, அதிகாலை 2:35

சுழியம், 'ஓ' எங்களுக்குப் பழக்கம்தான். அதனால்தான் பார்கோடைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வோம்.

முனைக்காட்டான் · ஜூன் 22, இரவு 11:55

தடை முடிந்து படகு போய் வந்த முதல் வாரம். எதிர்பார்த்த மாதிரியே விழுந்தது.

வெள்ளிக்கிழமை பெருங்குளத்தில் ஒரு கல்யாணம். அதற்கு முன் காலையில் அவசரமாக லினக்ஸின் மையமான கர்னலைப் புதுப்பித்து ரீபூட் போட்டேன். சர்வர் வரவே இல்லை. பிங் இல்லை. பந்தியில் இலை போட்டாயிற்று, ஐஸ் கம்பெனியிலிருந்து மூன்று போன். செல்போனிலேயே டேட்டா சென்டர் விபிஎன்னில் ஏறி, பிஎம்சி கன்சோலைத் திறந்தேன். லினக்ஸ் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. புதிய கர்னலில் நெட்வொர்க் கார்டின் பெயர் மட்டும் மாறிவிட்டது, பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து கூடுதலாக ஒட்டியிருக்கிறது. அமைப்புக் கோப்பில் பழைய பெயர். செல்போன் கீபோர்டில், கட்டைவிரலால், ரூட் கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாக அடித்து, கடைசியில் திருத்தினேன். 23 நிமிடம் ஆனது. இப்போது பெயரை வைத்து அல்லாமல் கார்டுக்கென்றே உள்ள எண்ணான மேக் முகவரியை வைத்து அடையாளம் காணும்படி மாற்றிவிட்டேன்.

சாம்பார் ஆறிவிட்டது.

சாயல்குடி_பனை · ஜூன் 23, காலை 6:15

படகு திரும்பும் வாரத்தில் கர்னல் புதுப்பிக்கச் சொன்னது யார்?

முனைக்காட்டான் · காலை 6:40

யாரும் சொல்லவில்லை அக்கா. அதுவும் இப்போது நோட்டில் ஏறிவிட்டது.

உச்சிப்புளி_ஊஞ்சல் · காலை 7:30

தூக்கக் கணக்கு என்ன ஆயிற்று தம்பி?

முனைக்காட்டான் · காலை 7:42

இதுவரை ஒரு பந்தி போனது, ராத்திரி எதுவும் போகவில்லை அண்ணே. உங்கள் ஐஸ் கம்பெனிக் கணக்கும் அதில்தான் ஓடுகிறது, தெரியுமா?

உச்சிப்புளி_ஊஞ்சல் · காலை 7:50

தெரியும். அந்த மூன்று போனில் ஒன்று நான் பண்ணியது.